பொதுக் கல்லா: ஐரோப்பிய இடதுசாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களிலும் அமர்ந்திருக்கும் சமூக ஜனநாயக, சோசலிச, இடதுசாரிக் கட்சிகளின் உறுப்பினர்களுக்கு,

தோழர்களே, வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் தமிழ் இல்லை என்பது தெரியும். ஆனால் உங்களுக்கு வாக்குப் போடுகிறவர்களில் தமிழில் யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் ஆண்ட்வெர்ப்பிலும் அவர்கள் வேலை செய்து வரி கட்டுகிறார்கள். முதலில் அவர்கள் படிக்கட்டும். அப்புறம் யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவார்கள்.

நான் பெல்ஜியத்தில் சுமார் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. 2020 மார்ச்சில் எங்கள் ஆட்களில் பாதிப்பேரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வேலையை விட்டு நீக்கவில்லை. இங்கே தற்காலிக வேலையின்மை என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஊழியர் நிறுவனத்தின் பட்டியலிலேயே இருப்பார், சம்பளத்துக்குப் பதிலாக அரசு உதவித்தொகை கொடுக்கும். அந்த ஆண்டு அதை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 70 விழுக்காடாக உயர்த்தினார்கள். இரவு வெகுநேரம் உட்கார்ந்து ஒவ்வொருவருடைய நாட்கணக்கையும் ஏற்றியது இன்னும் நினைவில் இருக்கிறது. “பணம் வருமா?” என்று தொலைபேசியில் கேட்டவர்களிடம் “வரும், வரும்” என்று சொன்னதும் நினைவில் இருக்கிறது. எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

வந்தது. எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ‘ஷ்யூர்’ என்ற திட்டத்தின் கீழ் ஐரோப்பிய ஒன்றியம் தன் பெயரில் கடன்பத்திரம் விற்று, 19 நாடுகளுக்கு மொத்தம் 9,840 கோடி யூரோ கடனாகக் கொடுத்தது. இத்தாலிக்கு சுமார் 2,740 கோடி, பெல்ஜியத்துக்கு சுமார் 820 கோடி. உத்தரவாதம் கொடுத்தவை 27 நாடுகளும். அதாவது எங்கள் கிடங்கில் வேலை பார்த்தவரின் அந்த வசந்தகால வாடகைக்கு, ஒரு வகையில், எஸ்டோனியாவும் போர்ச்சுகலும் ஜாமீன் நின்றிருக்கின்றன. அவருக்கு இது தெரியாது. எஸ்டோனியாக்காரர்களுக்கும் தெரிந்திருக்காது.

அந்த நேரத்தில் ஒன்றியத்தின் வேலைவாய்ப்பு ஆணையர் நிக்கோலா ஷ்மிட், பொருளாதார ஆணையர் பாவ்லோ ஜென்டிலோனி. இருவருமே உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அப்படியிருக்க, 2024 ஐரோப்பியத் தேர்தலின்போது என் தபால் பெட்டியில் விழுந்த உங்கள் துண்டறிக்கைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நியாயம், நீதி, பாதுகாப்பு என்றெல்லாம் இருந்தது. நீங்களே செய்த ஒன்றை ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். யோசித்த அளவில் எனக்குக் கிடைத்த விடை உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் அதற்காகத்தான் இந்த மடல்: அண்டை நாட்டோடு கல்லாவை, அதாவது பொதுக் கருவூலத்தை, பகிர்ந்துகொள்கிறோம் என்று சொந்த நாட்டு வாக்காளரிடம் சொல்ல உங்களுக்குப் பயம். அந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல.

1970இல் லக்சம்பர்க் பிரதமர் பியர் வெர்னர் தலைமையில் ஒரு குழு, பத்தே ஆண்டுகளில் பொது நாணயம் கொண்டுவரலாம் என்று திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தில் நாணயம் மட்டும் இல்லை. பொருளாதாரக் கொள்கையை முடிவு செய்ய ஒரு பொது மையம் வேண்டும், அது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. 1975இல் மார்ஜோலின் குழு, ஒன்றியம் தழுவிய வேலையின்மை உதவித்தொகையைப் பரிந்துரைத்தது. 1977இல் மெக்டூகல் குழு கணக்கே போட்டுக் காட்டியது. பொது பட்ஜெட் ஆரம்பக் கட்டத்திலேயே மொத்த உற்பத்தியில் 2 முதல் 2.5 விழுக்காடாவது இருக்க வேண்டும், சிறிய அளவிலான கூட்டாட்சி என்றாலே 5 முதல் 7 விழுக்காடு வேண்டும் என்று. அரை நூற்றாண்டு கழித்து இன்றும் ஒன்றியத்தின் வழக்கமான பட்ஜெட் ஒரு விழுக்காட்டைச் சுற்றியேதான் நிற்கிறது.

நாணயம் வந்துவிட்டது. கல்லா வரவில்லை. அதற்குப் பதிலாக 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் இரண்டு எண்களைக் கொடுத்தது: மொத்த உற்பத்தியில் அரசின் பற்றாக்குறை 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த 3 எங்கிருந்து வந்தது என்று உங்களில் பிரெஞ்சுத் தோழர்களுக்குத் தெரியும். 1981இல் பிரெஞ்சு ஜனாதிபதியாக மித்தரோன் ஆட்சிக்கு வந்த புதிதில், செலவு கேட்டு வரும் அமைச்சர்களைத் தடுத்து நிறுத்த ஓர் எண் தேவைப்பட்டது. பட்ஜெட் துறையின் இளம் அதிகாரிகள் அவசரமாகக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பின்னால் பொருளாதாரக் கோட்பாடு எதுவும் இல்லை என்று அவர்களில் ஒருவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு சோசலிச ஜனாதிபதியின் வீட்டுச் சண்டைக்காகப் பிறந்த எண், ஒரு கண்டத்துக்கே சட்டமாகிவிட்டது.

அதே மித்தரோனிடமிருந்துதான் எதிர்ப்பாடமும் கிடைத்தது. தொழில்களைத் தேசியமயமாக்கி, குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தி, உள்நாட்டுச் செலவால் பொருளாதாரத்தைத் தள்ளிப் பார்த்தார். மக்கள் கையில் வந்த பணம் ஜெர்மானிய இயந்திரத்துக்கும் வெளிநாட்டுக் காருக்கும் போனது. 1981 அக்டோபர், 1982 ஜூன், 1983 மார்ச் என்று மூன்று முறை பிராங்கின் மதிப்பைக் குறைத்த பிறகு, சிக்கனத்துக்குத் திரும்பினார். பக்கத்து நாடுகள் பிரேக்கில் கால் வைத்திருக்கும்போது ஒரு நாடு மட்டும் தனியாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடியாது என்பதை இடதுசாரிகள் அப்போதே கற்றுக்கொண்டார்கள். அன்றைய நிதி அமைச்சர் ஜாக் டெலோர் இரண்டு ஆண்டுகளில் பிரஸ்ஸல்ஸுக்கு, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தின் தலைவராக வந்தார். சேர்ந்து செய்தால் முடியும் என்பது கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் வந்த வரிசையைப் பாருங்கள். 1990 ஜூலையில் மூலதனத்துக்கு எல்லைகள் திறந்துவிடப்பட்டன. சேமிப்பு வட்டிக்குப் பொது வரிவிதிப்பு என்ற கோரிக்கை வழியிலேயே கைவிடப்பட்டது. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆண்டு 2005. கதவைத் திறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துக் காவலாளியை நியமித்தோம், அதுவும் அரைகுறை அதிகாரத்தோடு.

இதுவரை சொன்னதை நீங்களும் மேடைகளில் சொல்வீர்கள். “புதிய தாராளவாத ஐரோப்பா” என்று திட்டுவீர்கள். இனி வருவதைத்தான் சொல்ல மாட்டீர்கள்.

2003 நவம்பரில் ஜெர்மனியும் பிரான்சும் 3 விழுக்காட்டு எல்லையை மீறி நின்றபோது, நடவடிக்கையை நிறுத்திவைக்க மற்ற நிதி அமைச்சர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். பெர்லினில் அப்போது சமூக ஜனநாயகவாதியான ஷ்ரோடரின் ஆட்சி. விதி முட்டாள்தனமானது என்றால் அதை எல்லோருக்கும் மாற்றக் கேட்டிருக்கலாம். தங்களுக்கு மட்டும் தள்ளிவைத்துக்கொண்டார்கள். ஆறே ஆண்டுகளில், 2009இல், அதே கட்சியைச் சேர்ந்த நிதி அமைச்சர் பீர் ஸ்டைன்புரூக், அரசு புதிதாகக் கடன் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் ‘கடன் தடை’யை ஜெர்மன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார். 2011இல் ஸ்பெயினின் சோசலிசப் பிரதமர் சபதேரோ, எதிர்க்கட்சியோடு கைகோத்து, கடனை அடைப்பதற்கே முதல் உரிமை என்று அரசியலமைப்பின் 135ஆம் பிரிவைத் திருத்தினார். ஆஸ்பத்திரிக்கு அந்த முதல் உரிமை இல்லை. 2012இல் பிரெஞ்சு சோசலிஸ்ட் பிரான்சுவா ஒலாந்த், நாடுகளின் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய நிதி ஒப்பந்தத்தை மறுபேச்சுவார்த்தைக்குக் கொண்டுவருவேன் என்று சொல்லி வாக்கு வாங்கினார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்த பிரதியில் ஒரு வாக்கியம்கூட மாறவில்லை.

கிரேக்கத்தின் கதை வேறு. அதை எழுத எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

2010 மே மாதம் முதல் மீட்புக் கடன், 11,000 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி பழைய கடன்காரர்களுக்கே திரும்பிப் போனது. அந்தக் கடன்காரர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் முக்கியமானவை. பெயர் கிரேக்கத்துக்கு, பணம் வங்கிக்கு. 2013இல் அங்கே நான்கில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. 2015 ஜனவரியில் கிரேக்க இடதுசாரிக் கட்சியான சிரிசா வென்று கடன் மாநாடு கேட்டபோது, யூரோ நாடுகளின் நிதி அமைச்சர்கள் கூடும் யூரோ குழுவின் மேசையில் யார் யார் இருந்தார்கள்? தலைமை நாற்காலியில் யெரூன் டைசல்ப்லும், நெதர்லாந்துத் தொழிலாளர் கட்சிக்காரர். பிரான்சின் நாற்காலியில் சோசலிஸ்ட். இத்தாலியில் ஆட்சி ஜனநாயகக் கட்சியுடையது. பெர்லினில் பழமைவாத நிதி அமைச்சர் ஷொய்ப்லேயோடு கூட்டணியில் இருந்ததும் சமூக ஜனநாயகக் கட்சி. அந்த மேசையில் ஏதென்ஸ் தனியாக நின்றது. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 விழுக்காடு மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். ஜூலை 13 காலையில் அவர்கள் வேண்டாம் என்றதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அவர்களுடைய பிரதமர் சம்மதித்தார். கிரேக்கத்தை யூரோவிலிருந்து வெளியே தள்ளும் யோசனையைக் கடைசி நேரத்தில் ஒலாந்த் எதிர்த்தார், அதை மறுக்கவில்லை. வெளியே தள்ளாமல் காப்பாற்றியது உண்மை. உள்ளே வைத்து என்ன செய்தோம் என்பதும் உண்மை.

டைசல்ப்லும் 2017இல் ஒரு ஜெர்மன் நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், காசையெல்லாம் குடிக்கும் பெண்களுக்கும் செலவழித்துவிட்டு அப்புறம் உதவி கேட்க முடியாது என்று சொன்னார். தெற்கு நாடுகள் கொதித்தன. அதே மாதம் நெதர்லாந்துத் தேர்தலில் அவர் கட்சி 38 இடத்திலிருந்து 9 இடத்துக்கு விழுந்தது. சிக்கனத்தின் காவலனாக நின்றால் வடக்கு நாட்டுத் தொழிலாளி நன்றி சொல்வார் என்ற கணக்கும் பலிக்கவில்லை.

சரி, 2020க்கு வருவோம். அந்த ஆண்டில்தான் உங்கள் குடும்பச் சண்டை எல்லோருக்கும் தெரியும்படி வெளியே வந்தது. மே 18 அன்று மெர்க்கலும் மக்ரோனும், 50,000 கோடி யூரோவைக் கூட்டாகக் கடன் வாங்கி, பாதிக்கப்பட்ட நாடுகளுக்குத் திருப்பிக் கேட்காத மானியமாகக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு பழமைவாதியும் ஒரு முன்னாள் வங்கிக்காரரும் சொன்னார்கள் இதை. எதிர்த்து நின்ற ‘சிக்கன நால்வரில்’ நெதர்லாந்தின் ருட்டேயும் ஆஸ்திரியாவின் குர்ஸும் வலதுசாரிகள். அவர்களை விடுங்கள். மற்ற இருவர் ஸ்வீடனின் ஸ்டெஃபான் லுவேன், டென்மார்க்கின் மெட்டே ஃப்ரெடரிக்சன். ஒருவர் வெல்டராக வேலை பார்த்துத் தொழிற்சங்கத் தலைவரானவர், மற்றவர் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் இயக்கக் குடும்பம் என்று பேசப்படுபவர். இருவரும் சமூக ஜனநாயகவாதிகள். பின்லாந்தின் சன்னா மாரினும் அவர்கள் பக்கமே சாய்ந்தார், அவரும் அப்படியே. எதிர்ப்பக்கம் மாட்ரிட்டின் சான்செஸ், லிஸ்பனின் கோஸ்தா. இவர்களும் சோசலிஸ்டுகள். எல்லோரும் ஒரே ஐரோப்பியக் கட்சியின் மாநாடுகளில் ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள்.

ஜூலை 17இல் தொடங்கி 21 விடியற்காலை வரை இழுத்த உச்சிமாநாட்டின் முடிவில் மானியம் 39,000 கோடியாகக் குறைந்தது, அதோடு 36,000 கோடி கடன் என்று முடிவானது. ஒன்றிய பட்ஜெட்டுக்குக் கட்டும் பங்கில் நால்வருக்குக் கிடைக்கும் தள்ளுபடி கூடியது. அதற்கு ஈடாக எதை வெட்டினார்கள் தெரியுமா? 940 கோடி என்று ஆணையம் கேட்ட பொதுச் சுகாதாரத் திட்டத்தை 170 கோடியாக. பெருந்தொற்றின் நடுவில்! நாடாளுமன்றம் சண்டை போட்டு அதைப் பிறகு 510 கோடிக்கு ஏற்றியது, அந்த அளவில் உங்களுக்கு என் நன்றி.

ஸ்டாக்ஹோம் தோழர் என்ன சொல்வார் என்று தெரியும். “எங்கள் ஊழியர் கட்டிய வரியை இன்னொரு நாட்டு அரசுக்கு நான் எப்படித் தூக்கிக் கொடுப்பேன்? அங்கே யார் வரி கட்டுகிறார்கள், எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?” இதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. நல்ல நலஅரசு நம்பிக்கையில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஏமாற்றவில்லை என்று நம்பினால்தான் நாம் பாதிச் சம்பளத்தை வரியாகக் கொடுப்போம். எங்கள் அலுவலகத்திலேயே “கிரேக்கனுக்கு என் காசா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. கெட்டவர்கள் இல்லை, நல்ல உழைப்பாளிகள்.

ஆனால் எல்லை தாண்டிப் பணம் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தோழர்களே. ஏழை நாட்டுக்கு என்று யாரும் அனுப்பியதல்ல. கிளைக் கம்பெனி, உரிமக் கட்டணம், தபால்பெட்டி முகவரி என்று ஓடுகிற லாபம். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரி பாக்கி கட்ட வேண்டும் என்று ஆணையம் 2016இல் சொன்னது. பணம் வர வேண்டிய அயர்லாந்து அரசே அந்தப் பணம் வேண்டாம் என்று நீதிமன்றம் போனது. எட்டு ஆண்டுகள் இழுத்து, 2024 செப்டம்பரில் ஆணையம் சொன்னதே சரி என்று முடிந்தது. ஹங்கேரியில் நிறுவன வரி 9 விழுக்காடு. உலகளாவிய 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரியை ஒன்றியச் சட்டமாக்க முயன்றபோது, முதலில் போலந்தும் பிறகு ஹங்கேரியும் மாதக்கணக்கில் தடுத்தன. வரி விஷயத்தில் ஒருமித்த ஒப்புதல் தேவை என்பதால் ஒரு கை உயர்ந்தால் போதும். பங்கு, கடன்பத்திர வர்த்தகத்தின் மேல் போட 2011இல் ஆணையம் முன்வைத்த நிதிப் பரிவர்த்தனை வரியும் அப்படித்தான் போனது. 27 நாடுகளால் முடியாததை 11 நாடுகள் தனியாகச் சேர்ந்து செய்ய 2013இல் அனுமதி வாங்கினார்கள். அந்தப் பதினொன்றில் பலவற்றில் அப்போது ஆட்சி உங்களுடையது. அந்த வரி இன்றுவரை ஒரு சென்ட்கூட வசூலிக்கவில்லை.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவரின் வருமானம் எல்லை தாண்டாது. அதனால்தான் அவர் மேல் பாரம் ஏறுகிறது. நீங்கள் அவரிடம் “கிரேக்கனுக்கு உன் காசு” என்ற பேச்சைப் பேச விட்டுவிட்டீர்கள், “லக்சம்பர்க் வழியாகப் போன காசு உன்னுடையது” என்ற பேச்சை யாரும் பேசவில்லை. பொதுக் கல்லா என்பது நாட்டிலிருந்து நாட்டுக்குப் பணம் அனுப்புவது என்று வலதுசாரிகள் வரையறுத்தார்கள். அந்த வரையறையை ஏற்றுக்கொண்ட நாளிலேயே வாதத்தில் தோற்றுவிட்டீர்கள். எந்த நாட்டிலும் நிற்காத லாபத்திலிருந்து எடுத்து, எந்த நாட்டிலானாலும் வேலை இழந்தவருக்குக் கொடுப்பது என்றும் அதைச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் டேனிஷ் தொழிலாளியும் ஸ்பானியத் தொழிலாளியும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

உங்களில் இன்னொரு பிரிவினர் உண்டு. 2005இல் பிரெஞ்சு வாக்கெடுப்பில் ஐரோப்பிய அரசியலமைப்பை 55 விழுக்காட்டுடன் தோற்கடித்ததில் இடதுசாரிகளின் பங்கு பெரிது. “பொதுக் கல்லா வந்தால் அதன் சாவி பிரஸ்ஸல்ஸில் இருக்கும், நாங்கள் தேர்ந்தெடுக்காதவர்களிடம் இருக்கும், நாடாளுமன்றத்தைப் பறிகொடுப்போம்” என்பது அவர்கள் பயம். ஏதென்ஸில் ட்ரொய்கா (ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் என்ற கடன்கொடுத்த மூவர்) செய்ததைப் பார்த்தவன் எவனும் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. யூரோ குழு என்பது ஒப்பந்தப்படியே ‘முறைசாராமல்’ கூடும் ஒரு கூட்டம். நெருக்கடியில் விழும் நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் ஐரோப்பிய நிலைத்தன்மை நிதியம் ஒன்றியச் சட்டத்துக்கு வெளியே, தனி ஒப்பந்தத்தில் நிற்கிறது. ஒன்றியத்தின் வருவாய் எங்கிருந்து வர வேண்டும் என்பதில் உங்கள் நாடாளுமன்றத்திடம் கருத்து மட்டும்தான் கேட்பார்கள், முடிவெடுப்பது அரசுகள். வரியைத் தீர்மானிக்க முடியாத நாடாளுமன்றத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்தத் தோழர்களோடு நோயைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. மருந்தைப் பற்றித்தான். தனித்தனியே கதவைச் சாத்திக்கொண்டால் 1983 மறுபடி வரும்.

போர்ச்சுகலைக் காட்டுவீர்கள். 2015இல் சோசலிஸ்டுகள் ஆட்சி அமைக்க, இடது அணியும் கம்யூனிஸ்டுகளும் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். ஓய்வூதிய வெட்டுகளை நீக்கினார்கள், குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினார்கள், 2019இல் பட்ஜெட்டில் உபரியே காட்டினார்கள். நல்ல சாதனைதான். ஆனால் அந்த உபரி எப்படி வந்தது? பொது முதலீட்டை ஒடுக்கி. ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்த கையே ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியதைப் பிடித்து வைத்தது. விதிக்குள் நின்று ஒரு நாடு தனியாகச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இப்போது காலக்கெடு நெருங்குகிறது. 2020இல் ஒத்துக்கொண்டு கூட்டாக வாங்கிய கடனின் அசலை 2028 முதல் 2058க்குள் அடைக்க வேண்டும். எதைக்கொண்டு அடைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்யவில்லை. புதிய பொது வரிகள் வரும் என்றார்கள். 2021 ஜனவரியிலிருந்து மறுசுழற்சி செய்யாத பிளாஸ்டிக் பொட்டலக் கழிவுக்குக் கிலோவுக்கு 80 சென்ட் என்று ஒன்று வந்தது. அதைக்கூட அரசுகள் தங்கள் கருவூலத்திலிருந்துதான் கட்டுகின்றன. பேர்தான் வரி, நடப்பது சந்தா.

2020இல் ஜெர்மன் நிதி அமைச்சராக இருந்த ஓலாஃப் ஷோல்ஸ், உங்களவர்தான், அமெரிக்காவின் அலெக்சாண்டர் ஹாமில்டனை உதாரணம் காட்டினார். 1790இல் மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கதை. அழகான உதாரணம். ஆனால் அடுத்த அத்தியாயத்தை அவர் சொல்லவில்லை. அந்தக் கடனுக்கு வட்டி கட்ட அடுத்த ஆண்டே விஸ்கிக்கு வரி போட்டார்கள். பெரிய சாராய ஆலைகள் ஆண்டுக்கு ஒரு தொகையாகக் கட்டிவிட்டு, கேலனுக்குக் குறைந்த வரியில் தப்பிக்க வழி இருந்தது. பென்சில்வேனியாவின் மேற்கே, கையிலிருந்த தானியத்தைக் காய்ச்சி விற்ற சிறு விவசாயிகள் முழுச் சுமையையும் சுமந்தார்கள். 1794இல் கலகம் வெடித்தது, வாஷிங்டன் படை அனுப்பினார்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், 2028இல் தொடங்கும் பட்ஜெட்டுக்கு ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்த வரிகளில் ஒன்று அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் படிநிலைப்படி ஒரு நிலையான தொகை கட்ட வேண்டும். குறைந்த படியில் ஒரு லட்சம் யூரோ, உச்சப் படியில் ஏழரை லட்சம். உச்சப் படி 75 கோடியில் தொடங்குகிறது. அதற்கு மேல் 75 கோடிக்கு விற்பவரும் 7,500 கோடிக்கு விற்பவரும் ஒரே ஏழரை லட்சம்தான். லாபமா நஷ்டமா என்ற கேள்வியே இல்லை. இதைப் பார்த்துவிட்டு வணிக அமைப்புகள் கத்தின, சில அரசுகள் உடனே மறுத்தன. நீங்கள் என்ன செய்தீர்கள்? “புதிய சொந்த வருவாய்களை வரவேற்கிறோம்” என்ற ரகத்தில் ஓர் அறிக்கை போதாது. லாபத்தின் மேல் போடுங்கள், பெரியதற்குக் கூடுதல் விகிதம் வையுங்கள், பொதுச் சந்தையால் கொழுத்தவர்கள் பொதுக் கடனை அடைக்கட்டும் என்று சத்தம் போட வேண்டியவர்கள் நீங்கள். வரி யார் தலையில் விழுகிறது என்று கேட்பதுதானே இடதுசாரிகளின் தொழில்? அந்தக் கேள்வியை நிதி அமைச்சக அதிகாரிகளிடம் விட்டுவிட்டால், அவர்களுக்கு ஓர் இரவில் 3 என்ற எண்தான் கிடைக்கும்.

நான் கேட்பது பெரிய பட்டியல் அல்ல. ‘ஷ்யூர்’ 2022 கடைசியோடு முடிந்துபோனது. வேலையின்மைக்கு நிரந்தரமான ஐரோப்பிய மறுகாப்பீடு, அதாவது நாடுகளின் உதவித்தொகைக்குப் பின்னால் நிற்கும் பொது ஏற்பாடு, கொண்டுவருவதாக ஆணையத் தலைவர் ஊர்சுலா ஃபான் டெர் லையன் 2019இல் வாக்குக் கொடுத்தார். அந்தப் பதவிக்காலம் முடியும்வரை ஒரு சட்ட வரைவுகூட வரவில்லை. அதை எடுத்துக்கொள்ளுங்கள். கோபன்ஹேகனிலும் ஏதென்ஸிலும் அதே வாக்கியத்தில் உங்கள் தேர்தல் அறிக்கையில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, பணம் எந்த லாபத்திலிருந்து வரும், கணக்கை எந்த நாடாளுமன்றம் கேட்கும் என்று. ஹங்கேரி தடுத்தால் ஒன்பது நாடுகள் சேர்ந்து தொடங்க ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. நிதிப் பரிவர்த்தனை வரியைப் போல அனுமதி வாங்கிவிட்டுத் தூங்காமல் இருந்தால் சரி. வடக்குத் தோழர்களுக்கு இதனால் சில வாக்குகள் போகலாம். கேட்கவே கேட்காமல் எத்தனை போயிருக்கின்றன என்பதை நெதர்லாந்துத் தோழர்களிடம் விசாரியுங்கள்.

என் பக்கத்து வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் மாதா மாதம் போடும் சம்பளச் சீட்டில், சமூகப் பாதுகாப்புக்கு ஊழியரின் பங்கு என்று 13.07 விழுக்காடு பிடித்தம் வரும். இருபது ஆண்டுகளாகப் பார்க்கும் எண், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் முதல் மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள், “இது என்ன, எங்கே போகிறது?” என்று. உட்கார வைத்து விளக்குவேன். நோயில் விழுந்தால், வேலை போனால், வயதானால் என்று. பெரும்பாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியை எரிச்சலோடு கேட்டதில்லை.

நிறுவனங்களின் லாபத்திலிருந்து வரும் ஐரோப்பியப் பங்கு என்று அந்தச் சீட்டின் கீழே என்றைக்காவது ஒரு வரி அச்சானால், அதையும் விளக்க நான் தயார். என்ன சொல்லி விளக்குவது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். டேனிஷில் எழுதினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
சம்பளக் கணக்குப் பார்க்கும் உங்கள் வாக்காளன்